14,000 என்றார்கள், 46,800 வாங்கினார்கள்: கார் சர்வீஸ் பணம் திரும்புமா?

கேள்வி: நான் மடிப்பாக்கத்தில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. ஏழு வருடப் பழைய சிறிய கார் வைத்திருக்கிறேன். ஏசி குளிரவில்லை என்று சொல்லி, வழக்கமான சர்வீஸையும் சேர்த்துச் செய்யும்படி, கார் வாங்கிய டீலரிடமே விட்டேன். சுமார் 14,000 ரூபாய் ஆகும் என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். மூன்றாம் நாள் நீட்டிய பில் 46,800. ஏன் என்று கேட்டதற்கு, "வீட்டில் சார் இருந்தால் பேசச் சொல்லுங்கள் மேடம்" என்றார் சர்வீஸ் அட்வைசர். கிரெடிட் கார்டில் கட்டிவிட்டு வண்டியை எடுத்து வந்தேன். பத்தே நாளில் ஏசியில் மறுபடியும் வெறும் காற்றுதான். இப்போது போனையும் எடுப்பதில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? கார்டு தொகையைத் தவணையாக மாற்றலாமா? வங்கியில் ஒன்றரை லட்சம் டெபாசிட் இருக்கிறது. அதைத் தொட மனமில்லை. பேசாமல் இந்தக் காரை விற்றுவிட்டுப் புதிது வாங்கிவிடலாமா?

பதில்: டீலர் மீது நுகர்வோர் வழக்குப் போடச் சட்டப்படி இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. கார்டுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அதனால் முதலில் கார்டு.

பல கார்டுகளில் நிலுவைக்கு மாதம் 3.5 சதவீதம் வரை வட்டி. 46,800 ரூபாய்க்கு மாதம் 1,638. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 1,930 ரூபாயைத் தாண்டும். உங்கள் டெபாசிட்டில் 50,000 ரூபாய், 7 சதவீதத்தில், ஒரு வருடம் முழுக்க உட்கார்ந்து சம்பாதிப்பது 3,500. கார்டு அதை இரண்டே மாதத்தில் விழுங்கிவிடும். தவணையாக மாற்றினால் வட்டி குறையும், ஆனாலும் டெபாசிட் தரும் வட்டியைவிட அதிகம்தான். பரிசீலனைக் கட்டணமும் ஜிஎஸ்டியும் தனி. டெபாசிட்டில் ஒரு பகுதியை உடையுங்கள். முன்கூட்டி எடுப்பதற்கு வங்கி அரை சதவீதமோ ஒரு சதவீதமோ வட்டியைக் குறைக்கும், பரவாயில்லை. இப்படிப்பட்ட நாளுக்காகத்தான் அந்தப் பணத்தைச் சேர்த்தீர்கள். கார்டை முழுதாக அடைத்துவிட்டதால் டீலர் மீதான உங்கள் புகார் பலவீனமாகிவிடாது.

இனி பில். நீங்கள் அனுப்பிய நகலைப் பார்த்தேன். இதில் உள்ள எல்லாமே கொள்ளை இல்லை. ஆயில், ஃபில்டர், சர்வீஸ் கூலி 8,900; முன் பிரேக் பேட் 3,100; வீல் அலைன்மென்ட், பேலன்சிங் 2,100. இவற்றின் விலையில் முணுமுணுக்கலாம், வழக்காட முடியாது. அடுத்து, நீங்கள் கேட்காமலேயே செய்த இரண்டு வேலைகள்: எஞ்சின் டீகார்பனைசிங் (எஞ்சினுக்குள் படிந்த கரியை நீக்குவது) 2,450, ஏசி கிருமிநீக்கம் 1,350. சர்வீஸ் அட்வைசர்களுக்கு இந்த மாதிரி வேலைகளை விற்பதற்கென்றே மாத இலக்கு உண்டு. என் காருக்கும் ஒருமுறை ஏசி கிருமிநீக்கம் நடந்தது. வண்டியில் எலுமிச்சை வாசனை இரண்டு நாள் இருந்தது. அதைத் தவிர வேறு பலன் எனக்குத் தெரியவில்லை.

உண்மையான விவகாரம் ஏசியில்தான் இருக்கிறது. கம்ப்ரசர் (ஏசி கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் பாகம்) 22,400, மாற்றிய கூலி 4,200, கேஸ் நிரப்பியது 2,300. மொத்தம் 28,900. புது கம்ப்ரசர் போட்டு, கேஸ் நிரப்பி, பத்து நாளில் குளிர் போய்விட்டது என்றால், கேஸ் வேறெங்கோ கசிகிறது என்று சந்தேகப்பட இடமிருக்கிறது. கண்டன்சரிலோ (கேஸின் சூட்டை வெளியே தள்ளும் பாகம்), டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலிலோ, ஏதாவது ஒரு குழாய் இணைப்பிலோ கசியலாம். கசிவைத் தேடாமல் கம்ப்ரசரை மாற்றியிருந்தால், அது உங்கள் செலவில் நடந்த பரிசோதனை. பழைய கம்ப்ரசர் கெட்டுத்தான் போயிருந்ததா என்பதே இப்போது கேள்வி. கார் ஏசி வேலை மட்டுமே பார்க்கும் ஒரு கடையில் கசிவுச் சோதனை செய்து, கண்டதைக் கடையின் தாளில் தேதியோடு எழுதி வாங்குங்கள். எதையும் கழற்ற விடாதீர்கள்; கழற்றினால் "வெளியாள் கை வைத்துவிட்டார்" என்று டீலர் நழுவிவிடுவார்.

இன்னொரு சோதனையை நீங்களே செய்யலாம். உதிரி பாகத்தின் பெட்டியில் ஒட்டியிருக்கும் எம்ஆர்பி எல்லா வரிகளையும் உள்ளடக்கியது. பில்லிலோ அடிப்படை விலையைப் போட்டு, வரியைத் தனியே கூட்டுவார்கள். இரண்டும் சேர்ந்து எம்ஆர்பியைத் தாண்டக் கூடாது. வரி விகிதத்தையும் பாருங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பாக எண் பில்லிலேயே இருக்கும். அதைக் காட்டி, சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் உள்ள உதிரி பாகக் கடைகள் இரண்டில் எம்ஆர்பி கேளுங்கள்.

இனிமேல் போன் வேண்டாம். ஒர்க்‌ஷாப் மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதி, கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் நகல் அனுப்புங்கள். கோபத்தைக் காட்டாமல் ஜாப் கார்டு (வண்டியை விடும்போது வேலைகளை எழுதிக் கையெழுத்து வாங்கும் தாள்) எண், முதலில் சொன்ன தொகை, வாங்கிய தொகை, ஏசி நின்ற தேதி ஆகியவற்றை எழுதுங்கள். பிறகு மூன்று கோரிக்கைகள்: ஏசியைக் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும் அல்லது 28,900 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும்; அனுமதி பெறாத வேலைகளுக்கான 3,800 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும்; கழற்றிய பழைய கம்ப்ரசரை ஒப்படைக்க வேண்டும். வாரண்டியில் மாற்றிய பாகம் என்றால் பழையது நிறுவனத்துக்குப் போகும். நீங்கள் காசு கொடுத்து மாற்றியிருக்கிறீர்கள், அதனால் கேட்க உரிமை உண்டு. பதினைந்து நாள் கெடு கொடுங்கள்.

கெடு தாண்டினால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அவர்கள் உத்தரவு போட முடியாது. ஆனால் நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்பார்கள். போனை எடுக்காத ஆட்கள் அதற்குப் பிறகு தாமே கூப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, இணையவழியில் தாக்கல் செய்யலாம். சட்டம் மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்கிறது. வருடக்கணக்கில் இழுக்கும் என்று எண்ணிக்கொண்டு இறங்குங்கள். வெறும் 3,800 ரூபாய்க்கு என்றால் போகாதீர்கள் என்பேன். 28,900 ரூபாய்க்கு, கையில் எழுத்துமூலச் சோதனை முடிவு இருந்தால், போங்கள்.

காரை விற்பது? ஏழு லட்ச ரூபாய் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 14,500. உங்களைக் கொதிக்க வைத்த பில், அந்தத் தவணையில் மூன்றேகால் மாதம்தான். அந்தக் கோபத்தில் அறுபது மாதத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அதோடு, புதுக் காரும் அதே மாதிரி ஒரு சர்வீஸ் அட்வைசரிடம்தான் போய் நிற்கும்.

உங்கள் காருக்கு வாரண்டி முடிந்திருக்கும். இனி டீலரிடம் போக வேண்டிய கட்டாயமே இல்லை. நம்பகமான வெளி மெக்கானிக் போதும். உதிரி பாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததாக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது நினைவிருக்கலாம். ஏர்பேக், விபத்துக் காப்பீட்டு வேலை போன்றவற்றுக்கு மட்டும் டீலர் பக்கம் போகலாம். அங்கே போனால் ஜாப் கார்டில் கையெழுத்துக்கு மேலே உங்கள் கைப்பட எழுதுங்கள்: "மதிப்பீட்டுக்கு மேல் எந்த வேலைக்கும் என் எழுத்துமூல அனுமதி வேண்டும்." வெற்று ஜாப் கார்டில் கையெழுத்திட்டால், அன்றே பில்லின் பாதியை எழுதிக் கொடுத்த மாதிரிதான்.

மாதம் 2,500 ரூபாய்க்கு ஒரு தொடர் வைப்பு தொடங்கி, அதற்குக் கார் என்றே பெயர் வையுங்கள். டயரும் பேட்டரியும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. மின்னஞ்சலை இந்த வாரமே அனுப்பிவிட்டு, வந்த பதிலை எழுதுங்கள்; அந்தப் பழைய கம்ப்ரசரைக் கொடுக்கிறார்களா என்று பார்க்க எனக்கும் ஆவலாக இருக்கிறது.