நாயின் சாதி – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நாங்கள் சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்தில் ஒரு நாலறை வீட்டில், பன்னிரண்டாம் மாடியில் வசிக்கிறோம். எங்கள் ஒன்பது வயது மகள் இரண்டு ஆண்டுகளாக நாய் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். என் கணவர் கடையில் ஒரு டாய் பூடில் குட்டியைப் பார்த்து வைத்திருக்கிறார். உயர்சாதி நாய் என்றால் அதன் குணம் முன்கூட்டியே தெரியும், குழந்தை உள்ள வீட்டுக்கு அதுதான் பாதுகாப்பு என்பது அவர் கருத்து. நான் சென்ற மாதம் சுங்கை தெங்காவில் ஒரு காப்பகத்துக்குப் போய், இரண்டு வயதுப் பழுப்பு நிறப் பெண் நாய் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். அதன் நினைவாகவே இருக்கிறது. தெருநாயைப் பூசையறை உள்ள வீட்டுக்குள் விடக்கூடாது என்கிறார் மாமியார். அண்டை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம் எனக்கும் உண்டு. வாங்குவதா, தத்தெடுப்பதா? எவ்வளவு செலவாகும், என்ன உணவு தரவேண்டும் என்பதையும் சொன்னால் நன்று.

பொங்கோல் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கேள்விகளைவிட, அவற்றினிடையே நீங்கள் எவ்விதத் தயக்கமும் இல்லாமல் எழுதியிருக்கும் ஒரு சொல்தான் என்னை உடனே பதில் எழுத வைத்தது. சென்ற வாரம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், தம் நாயைத் தடவ வந்த ஒரு சிறுவனிடம் ஒருவர் "பயப்படாதே தம்பி, இது சாதி நாய், கடிக்காது" என்று சொன்னதைக் கேட்டதிலிருந்து அந்தச் சொல்லையே மென்றுகொண்டிருந்தேன். அதையே நீங்களும் எழுதிவிட்டீர்கள்.

எளிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். உணவைப் பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், எழுத்தாளனிடம் கேட்காதீர்கள். செலவில் எனக்குத் திட்டமாகத் தெரிந்தது உரிமக் கட்டணம் மட்டுமே: கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி, செய்யாததற்கு 90 வெள்ளி. உங்கள் மாமியாரிடம் வைரவரின் வாகனம் எது என்று பணிவோடு கேட்டுப் பாருங்கள். அண்டை வீட்டாரைப் பற்றிய தயக்கத்துக்கு மட்டும் என்னிடம் பொறுமை இல்லை, அம்மா. எதிர்வீட்டுக்காரரின் புருவத்தைப் பார்த்து நாயைத் தேர்ந்தெடுப்பவர், அதே புருவம் இன்னொரு முறை உயரும்போது அந்த நாயைக் கைவிடவும் கூடும்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். சாதி என்பதற்கு வகை என்னும் பொருளும் உண்டு, சாதிக் குதிரை என்று சொல்வதில்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் 'உயர்' எப்படி வந்து ஒட்டிக்கொண்டது? ஒன்று உயர்ந்தது என்றால் மற்றது தாழ்ந்தது என்றுதானே பொருள்? கப்பலேறி இங்கே வந்த நம் பாட்டன்மாரில் பலர் எதைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு வர விரும்பினார்களோ, அதை நாம் ஒரு நாயின் கழுத்தில் கட்டி நடுக்கூடத்தில் உட்கார வைத்திருக்கிறோம்.

சொல் மட்டும் ஒத்துப்போனால் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். செய்முறையும் ஒன்றாகவே இருக்கிறது. லண்டனில் 1873ஆம் ஆண்டு கென்னல் கிளப் தொடங்கப்பட்டது. அக்காலத்து நாய்க் கண்காட்சிகளை ஒட்டி, ஒவ்வோர் இனத்துக்கும் காது இப்படி, மூக்கு இப்படி, வால் இப்படி என்று இலக்கணம் வகுத்தார்கள். பிறகு பதிவேட்டை மூடிவிட்டு, அதில் பெயர் உள்ளவற்றுக்குள் மட்டுமே இணை சேர்க்கத் தொடங்கினார்கள். சமூகவியலில் இதற்கு அகமணம் என்று பெயர். இப்படி இலக்கணம் பார்த்து உறவுக்குள்ளேயே கொடுத்து வாங்கினால் என்ன நேரும் என்பதை நாய்களின் உடலில் காணலாம்: பக் நாய் மூச்சுவிடத் திணறுகிறது, கவலியர் நாய்க்கு இதய வால்வு பழுதாகிறது, உங்கள் கணவர் பார்த்து வைத்திருக்கும் டாய் பூடில் இனத்தில் முழங்கால் சில்லு நழுவுவது சாதாரணமாகக் காணப்படும் குறை. தூய்மை என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அதற்குரிய விலையை அந்த விலங்கின் எலும்பும் மூச்சும் கொடுக்கின்றன.

குணம் முன்கூட்டியே தெரியும் என்று உங்கள் கணவர் சொல்வதையும் பார்த்துவிடுவோம். 2022ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வொன்று, 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றின் உரிமையாளர்கள் தந்த பதில்களையும், 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுக்களையும் சேர்த்து ஆராய்ந்தது. நாய்க்கு நாய் காணப்படும் குண வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டுக்குத்தான் இனம் காரணமாக அமைகிறது என்று அது கண்டது. கடைக் குட்டி நாளை எப்படி வளரும் என்பது ஊகம். நீங்கள் பார்த்துவிட்டு வந்த நாயோ இரண்டு வயது நிறைந்தது. அதன் குணம் அதன் முகத்திலேயே இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்கிற காப்பகத்துத் தொண்டூழியரிடம் கேட்டாலும் சொல்வார்.

பூடில் மீது எனக்குப் பகை இல்லை. வாங்கியே தீர்வதென்றால் தாய் நாயைக் கண்ணால் பார்த்த பிறகு வாங்குங்கள். உட்லண்ட்ஸ், துவாஸ் எல்லைச் சோதனைச் சாவடிகளில், வாகனங்களின் இடுக்குகளில் மறைத்துக் கடத்திவரப்படும் குட்டிகள் பிடிபட்ட செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். நாய் விற்ற காசு குரைக்காது என்பார்கள். விற்பதற்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட குட்டியும் குரைப்பதில்லை.

நம் ஊர் நாட்டு நாய்க்கு இங்கே 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று பெயர். கோப்பிக் கடைப் பலகையில் மீ கோரெங்குக்கு மேலே எழுதத் தகுந்த பெயர்தான் என்றாலும், 'உயர்சாதி'யைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் இந்த நாய்க்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக் கதவு திறக்க வெகுகாலம் ஆயிற்று. அனுமதிக்கப்பட்ட 62 இனங்களின் பட்டியலில் அதற்கு இடமில்லை. நாட்டு நாய்களை வீவக வீடுகளில் தத்தெடுக்க வழிசெய்யும், 2012ஆம் ஆண்டு தொடங்கிய அடோர் திட்டத்தின் வழியாகத்தான் அது முறைப்படி உள்ளே வந்தது. அப்போதும் தோள் உயரம் 50 சென்டிமீட்டருக்கும் எடை 15 கிலோவுக்கும் மேற்படக்கூடாது என்றார்கள். பிற்பாடு எடை வரம்பை நீக்கி, உயரத்தை 55 சென்டிமீட்டராக்கினார்கள். நீங்கள் பார்த்த நாய் அந்த அளவுக்குள் வருகிறதா என்று காப்பகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கருத்தடை செய்திருக்க வேண்டும், கீழ்ப்படிதல் பயிற்சிக்கு நீங்களும் அதோடு போக வேண்டும்.

அந்தக் கதவு மூடியிருந்த காலத்தை நான் அறிவேன். 1985ஆம் ஆண்டு எங்கள் குடும்பம் சொங் பாங் கிராமத்திலிருந்து ஈசூனுக்குக் குடிபெயர்ந்தது. எனக்குப் பதினான்கு வயது. எங்களிடம் டைகர் என்று ஒரு பழுப்பு நாய் இருந்தது. எங்களிடம் என்பதைவிட, எங்கள் வரிசையில் இருந்த மூன்று வீடுகளிலும் அது சாப்பிட்டது என்பதே சரி. லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது அப்பா சொன்னார்: "சாதி நாயாக இருந்தாலாவது அடுக்குமாடிக்குக் கொண்டுபோகலாம், இதை யார் உள்ளே விடுவார்கள்?" அப்பா கொடுமைக்காரர் அல்லர், அந்த நாய்க்கு முள் நீக்கிய மீனைத் தம் கையால் ஊட்டியவர். லாரியின் பின்னாலேயே ஓடிவந்து செம்பவாங் சாலையில் அடிபட்டுவிடும் என்று, அதை ரம்புத்தான் மரத்தில் கட்டச் சொன்னார். துணி உலர்த்தும் நைலான் கயிற்றால் நான்தான் கட்டினேன். பள்ளிச் சாரணர் படையில் கற்றுக்கொண்ட, இழுக்க இழுக்க அவிழாத முடிச்சு அது. அந்த முடிச்சைச் சரியாகப் போட்டதில் எனக்கு அப்போது சிறு பெருமைகூட இருந்தது என்பதை, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு இங்கேதான் முதன்முதலாக எழுதுகிறேன். மறுவாரம் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். கயிறு மரத்தில் இருந்தது, முடிச்சு அப்படியே இருந்தது. கயிற்றின் மறுமுனை கடிபட்டு நைந்திருந்தது. நாய் இல்லை.

எங்கள் வீடு மட்டுமல்ல, அந்த ஆண்டுகளில் கம்பங்கள் எனப்படும் கிராமங்களைக் காலி செய்த குடும்பங்கள் பலவும் நாயை விட்டுவிட்டுத்தான் போயின. இன்று தொழிற்பேட்டை ஓரங்களிலும் காட்டுத் துண்டுகளிலும் பிடிபட்டுக் காப்பகத்துக்கு வரும் பழுப்பு நாய்களைப் பார்க்கும்போது, இது எங்கள் வரிசையில் சாப்பிட்ட நாயின் எத்தனையாவது தலைமுறையோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆகவே என்னிடம் நடுநிலையான பதிலை எதிர்பார்க்காதீர்கள்.

அந்த நாயை அழைத்து வந்தால் முதல் சில வாரங்கள் அது சோபாவுக்கு அடியிலேயே கிடக்கலாம். மகளை அதன் மேல் விழுந்து கொஞ்ச விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் பாடம் படிக்கச் சொல்லுங்கள், போதும். இன்னொன்றும் உண்டு: வெளியில் திரிந்து வளர்ந்த இந்த நாய்களில் பல, மின்தூக்கிக்கு மிகவும் பயப்படும். தானாக மூடிக்கொண்டு ஆடும் ஒரு பெட்டிக்குள் ஏன் நிற்கவேண்டும் என்பது அவற்றுக்குப் புரிவதில்லை. இழுத்தால் இன்னும் அஞ்சும். நீங்கள் இருப்பது பன்னிரண்டாம் மாடி. உங்கள் கணவரைப் படியேறப் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள்.