கேளுங்கள், சொல்கிறேன்: ஊருக்கு எத்தனை மணி நேரம்?

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு விமான டிக்கெட் எடுத்திருக்கிறோம். இரவு 8.00 மணிக்குக் கிளம்பி 9.45க்கு இறங்கும் என்று போட்டிருக்கிறது. திரும்பும்போது இரவு 11.15க்குக் கிளம்பி மறுநாள் காலை 5.45. போக ஒன்றே முக்கால் மணி, வர ஆறரை மணியா? – வாசகி, ஈசூன்

பதில்: தேக்காவில் நான் டிக்கெட் கடையில் வேலை பார்த்த காலத்தில் பல குடும்பங்கள் இதே சந்தேகத்தோடு வருவார்கள், அம்மா. கிளம்பும் நேரம் கிளம்பும் ஊர்க் கடிகாரப்படி. இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரப்படி. சிங்கப்பூர் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. போகும் கணக்கில் அந்த இரண்டரையைக் கூட்டுங்கள், வரும் கணக்கில் கழியுங்கள். போக நாலே கால் மணி, வர நாலு மணி. அவ்வளவுதான். (1981 வரை இந்த வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர்க் கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தினார்கள்.)

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு வான்வழியில் சுமார் 2,900 கிலோமீட்டர். விமானம் உச்ச உயரத்தில் மணிக்கு 850 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். அப்படிப் பார்த்தால் மூன்றரை மணி நேரம் போதும். ஆனால் ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் டிக்கெட் நேரத்தில் சேர்ந்ததுதான். என் அப்பா நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறி இங்கு வந்து சேர ஒரு வாரம் ஆனது. நாலு மணி நேரத்தில் அம்மா முகத்தைப் பார்க்க முடிகிறது என்பது எனக்கு இன்றும் பெரிய விஷயம்.

கேள்வி: போன ஜூலையில் சென்னைக்கு முன்கூட்டியே இறங்கிவிட்டோம். காற்றா காரணம்? – வாசகர், பிடோக்

பதில்: இருக்கலாம். ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்னிந்தியாவுக்கு மேலே, வெகு உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக வேகமான காற்று ஓடும். 1950களில் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் கோடீஸ்வரம். மேற்கே போகும் விமானத்தை அது தள்ளிவிடும். சிங்கப்பூர் திரும்பும்போது எதிர்த்து நிற்கும்.

கேள்வி: புதுக்கோட்டையிலிருந்து அம்மா முதல் தடவையாகத் தனியாக வருகிறார். சென்னை டிக்கெட் மலிவு. அதையே எடுக்கலாமா? – வாசகர், தெம்பனிஸ்

பதில்: வேண்டாம், தம்பி. திருச்சியிலிருந்து நேராக ஏற்றிவிடுங்கள். அங்கிருந்தும் தூரம் 3,000 கிலோமீட்டருக்குப் பக்கம்தான். பறக்கும் நேரமும் ஏறக்குறைய அதேதான். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருக்கிறது. வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம். சென்னை என்றால் இரவு முழுக்க ரயில், அப்புறம் விமான நிலையத்தில் காத்திருப்பு. வயதானவருக்கு அந்த அலைச்சல் எதற்கு?

தேதியை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். 15ஆம் தேதி 12.30 என்று நள்ளிரவு விமானம் இருந்தால், 14ஆம் தேதி இரவு சாப்பிட்டவுடன் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையைக் கடைசி மூன்று நாள்களுக்குள் நீங்களே இணையத்தில் நிரப்பிவிடுங்கள், கட்டணம் கிடையாது. அம்மா சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் என்றால், இரண்டரை மணி வித்தியாசத்துக்கு எப்போது சாப்பிடுவது என்று அவருடைய டாக்டரிடம் முன்பே கேட்டு, தாளில் எழுதிக் கைப்பையில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.