பூமிய ஈடு வைக்க முதல் புள்ளட சூம் கிளாஸ ஒருக்காப் பாருங்க

போன கிழமை களுவாஞ்சிகுடியில இருந்து ஒரு அக்கா வொய்ஸ் மெசேஜ் போட்டிருந்தா, ஏழு நிமிசம். மகள் பயோவில ரெண்டு தரம் ஏஎல் (உயர்தர சோதனை) எழுதிட்டா, ரெண்டு தரமும் இசட் ஸ்கோர் மெடிசினுக்குக் கிட்டவும் வரல்ல, இப்ப கனடாவில இருக்கிற மாமா ஒரு ஏஜென்சி நம்பர் குடுத்து வெளிநாட்டில மெடிசின் படிக்க அனுப்பச் சொல்றாராம், வெல்லாவெளிப் பக்கம் இருக்கிற ரெண்டு ஏக்கர் பூமிய ஈடு வச்சா முதல் வருசத்துக்குக் காணுமாம். "மறுகா என்ன செய்யிறண்டு தெரியல்ல சேர். புள்ளயும் எந்த நேரமும் லெப்டொப்புக்கு முன்னாலதான் இரிக்கி, அதான் பயமா இரிக்கி."

அக்கா, புள்ள கெட்டுப்போகல்ல, பயப்படாதீங்க. ஆறுதல் இவ்வளவுதான். இனிச் சொல்றது உங்களுக்கும் மாமாவுக்கும் பிடிக்காது.

பூமிய ஈடு வைக்காதீங்க. ரெண்டாவது வருசத்துக்கு எத வைப்பீங்க? படிச்சு முடிச்சு வந்தாலும் இங்க டொக்டரா வேலை செய்ய, வெளிநாட்டில படிச்சவங்களுக்கு வைக்கிற ஈஆர்பிஎம் சோதனை பாஸ் பண்ணி எஸ்எல்எம்சியில, அதாவது இலங்கை மருத்துவ சபையில பதியோணும். மகள் எடுத்த ஏஎல் ரிசல்ட்டுக்குப் பதிவாங்களா என்டும் எஸ்எல்எம்சியிட்டயே நேர கேளுங்க, ஏஜென்சியிட்டக் கேக்காதீங்க. மாமா எவ்வளவு போடுறார் என்டு கேட்டன், நீங்க கதைய மாத்திட்டீங்க. மூணாம் தரம் எழுதலாம்தான், ஆனா அவக்கு விருப்பமில்ல, என்னட்ட நேராவே சொன்னா.

நேர்சிங், டீச்சிங், பேங்க் எல்லாம் சொந்தக்காரர் ஏற்கனவே சொல்லியிருப்பாங்க, அத விடுறன். அவ அந்த லெப்டொப்புக்கு முன்னால இருந்து என்ன செய்யிறா என்டு நீங்க ஒருநாளாவது பாத்தீங்களா? நான் பாத்தன். சுவிஸ்ல இருக்கிற நம்மட ஆக்கள்ட புள்ளைகளுக்கு சனிக்கிழமை தமிழ் கிளாஸ். அங்க காலம பத்து மணி, இங்க பகல் ஒன்றரை, ஒக்டோபர் கடைசியில அங்க மணி மாறினா இங்க ரெண்டரை. பதினொரு புள்ளைகள், எல்லாற்ற கெமராவும் ஓஃப். புள்ள ஒராளையும் ஏசல்ல. "பத்து செக்கன் தாறன், வீட்டில பச்சைக் கலர்ல ஒரு சாமான் எடுத்துட்டு வாங்க" என்டா. கெமரா ஒவ்வொண்டா ஒன் ஆகுது, ஒருத்தன் கறிமிளகாய், ஒருத்தி சொக்ஸ், ஒரு பொடியன் தங்கச்சியையே தூக்கிட்டு வந்து அவட சட்டை பச்சை என்டான். அந்த சாமான்கள வச்சே வேற்றுமை உருபு முழுக்க நடத்தி முடிச்சிட்டா.

நான் 2020ல பெற்றோருக்கு ஒரு சூம் கூட்டம் வச்சன், நாப்பது ஸ்லைட், எல்லாத்தையும் வாசிச்சன், கடைசியில கேள்வி இருக்கா என்டு கேட்டா சத்தமே இல்ல, பாத்தா அறுபது பேர்ல ஒன்பது பேர் மிச்சம், அதில ஒராள்ட மைக்கில கோழி கொக்கரிக்குது. அந்த நேரம் சூமிலயே பாக்கிறவர் வேற பக்கம் போனா காட்டிக்குடுக்கிற வசதி ஒண்டு இருந்திச்சு, 2020 ஏப்ரலில எடுத்திட்டாங்க. அது இருந்தும் என்ன, போன சனம் திரும்பி வரவா போகுது?

சனத்தப் போகவிடாமப் பிடிச்சு வைக்கிற வித்தை புள்ளைக்குக் கையில இருக்கு. கேள்வி கேட்டா மனசுக்குள்ள பத்து எண்ணுறா, ஏனெண்டா லைன் பிந்தும், டைப் பண்ணவும் நேரம் வேணும். "பதில டைப் பண்ணுங்க, நான் சொல்லு மட்டும் அனுப்பாதீங்க" என்டுட்டு ஒண்டா அனுப்பச் சொல்றா, சாட் மழை மாதிரி கொட்டுது, பாத்து எழுத இடமில்ல. தண்ட முகத்த தனக்குத் தெரியாம மறைச்சு வச்சிருக்கா. ஸ்டான்ஃபோர்ட்டில ஜெரமி பெய்லன்சன் 2021ல எழுதினார், சூமில களைக்கிறதுக்கு நாலு காரணத்தில ஒண்டு நம்மட முகத்த நாமளே பாத்துட்டிருக்கிறது என்டு, இவ அத வாசிக்காமலே பிடிச்சிட்டா. கூத்தில, அதப் பழக்கி நடத்துற அண்ணாவியார் வட்டக்களரியச் சுத்தி இருக்கிற சனம் தூங்கி விழப்போற நேரம் பாத்து மத்தளத்த உரத்து அடிப்பார் தெரியுமா, அந்தக் கண் இவக்கு இருக்கு.

இது தொழில் அக்கா. கம்பனி, என்ஜிஓ, கம்பஸ், கனக்க இடத்தில இப்ப ட்ரெயினிங் ஒன்லைன்லதான். கதைக்கிறவருக்குப் பின்னால ஒராள் வேணும், வெயிட்டிங் ரூமில நிக்கிறவங்கள உள்ள எடுக்க, சாட்ட வாசிச்சு நல்ல கேள்வியப் பொறுக்க, போல் (வாக்கெடுப்பு) போட, ஆக்களச் சின்னக் குழுவா பிரேக்கவுட் ரூமுக்குப் பிரிக்க, கதைக்கிறவர்ட லைன் விழுந்தா கூட்டத்தப் பிடிச்சு வச்சிருக்க. வெளியில அந்த ஆள புரடியூசர் என்டு சொல்றாங்க. இன்னொரு பக்கம் இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைன், அதாவது பாடத்தச் சின்னத் துண்டா வெட்டி எந்த இடத்தில கேள்வி, எந்த இடத்தில வீடியோ என்டு கட்டுற வேலை. அதுக்கு மூடில், எச்5பி என்டு ரெண்டு சொஃப்ட்வெயார் இருக்கு, ரெண்டும் இலவசம், வீட்டில இருந்தே பழகலாம். டிகிரிய திறந்த பல்கலைக்கழகத்தில வேலையோட வேலையாச் செய்யலாம், மட்டக்களப்பில அவங்கட நிலையம் இருக்கு.

சும்மா இனிக்கக் கதைக்கல்ல நான். முதல் வருசம் காசு ஒழுங்கா வராது, இங்கிலிஸ் இல்லாட்டி உள்ளூரோட நிண்டுடும், அதால பூமிக்காசில ஒரு துளிய இங்கிலிஸ் வகுப்புக்குப் போடுங்க, ஈடு வைக்காம, போகத்து வருமானத்தில. நல்ல மைக் உள்ள ஹெட்செட் ஒண்டு, கரண்ட் போனாலும் ரவுட்டர் நிக்காம சின்ன யூபிஎஸ் ஒண்டு. ஜன்னலுக்கு முதுகு காட்டி இருக்கா, முகம் கறுப்பாத்தான் தெரியுது, மேசையத் திருப்பிப் போடுங்க, அதுக்குச் செலவே இல்ல.

மாமாவுக்கு நானே கோல் எடுக்கிறன். நீங்க இந்தச் சனிக்கிழமை ஒன்றரைக்கு அவட அறைக் கதவடியில நிண்டு பாருங்க. ஃபேன மட்டும் போட்டுடாதீங்க, மைக்கில இரையும்.