இரண்டு ஸ்லைடுகளுக்கு நடுவே ஒரு தபால்தலை: கேள்வி பதில்

நுண்ணோக்கிக்கு அடியில் வைக்கிற கண்ணாடி ஸ்லைடு இரண்டை எடுத்து, நடுவே தபால்தலை, ரப்பர் ஸ்டாம்ப் அச்சு, காய்ந்த இதழ், பழைய வரைபடத் துண்டு என்று அடுக்கி, ஓரத்தைச் செப்பு நாடாவால் மூடி ஈயம் பூசும், அதாவது சோல்டர் செய்யும், சிறு கலை இது. கேட்டவர்கள் பலர், பதில் சொல்பவர் ஒருவர்.

அக்கா, கடையில் ஸ்லைடு கேட்டால் "பிளெயினா, ஃப்ராஸ்டடா" என்கிறார்கள். எதை வாங்குவது?

பிளெயின் போதும். ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கிற வழக்கமான அளவு 75 × 25 மி.மீ., கனம் 1 முதல் 1.2 மி.மீ. வரை. பெரும்பாலும் பெட்டிக்கு 50 இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஓரம் தேய்த்ததா, வெறுமனே வெட்டியதா? வெட்டிய ஓரம் விரலையும் கிழிக்கும், செப்பு நாடாவையும் கிழிக்கும். அதுதான் கிடைத்தது என்றால் 400 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நான்கு ஓரத்தையும் லேசாகத் தேயுங்கள். உலர்வாகத் தேய்த்தால் கண்ணாடித் தூள் மூச்சில் போகும்.

ஃப்ராஸ்டட் ஸ்லைடின் ஒரு முனை மங்கலாக இருக்கும். அதில் பென்சிலால் எழுதலாம். தலைப்பு, தேதி எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு அது நல்லது.

பரிசோதனைக்கூடத்தில் பயன்படுத்திய ஸ்லைடு இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். ரத்தமும் சளியும் பட்டது அது.

புது ஸ்லைடைக் கழுவணுமா?

கட்டாயம். பாத்திரம் தேய்க்கும் சோப்பு, நல்ல தண்ணீர், கடைசியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணி. பிறகு ஓரத்தைத்தான் பிடிக்க வேண்டும். சோதிக்க, ஸ்லைடின் மேல் வாயால் ஊதுங்கள். பனி சீராகப் படர்ந்தால் சுத்தம், திட்டுத்திட்டாகப் படர்ந்தால் இன்னும் எண்ணெய் இருக்கிறது.

நம்ம ஊர் நினைவுத் தபால்தலை ஸ்லைடுக்குள் அடங்கவில்லையே?

அடங்காது. இந்திய நினைவுத் தலைகளில் அடிக்கடி வரும் அளவு ஏறக்குறைய 39 × 29 மி.மீ. ஸ்லைடின் அகலமோ 25. அதிலும் ஓரத்தில் பக்கத்துக்கு 2–3 மி.மீ. காலியாக விட வேண்டும், இல்லாவிட்டால் ஈயத்தின் சூட்டில் காகிதம் பழுக்கும். உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான அகலம் 20 மி.மீ.தான்.

வழி மூன்று. அன்றாட உபயோகத்துக்கான சின்னத் தலைகளைத் தேடுங்கள், அவற்றில் பல அடங்கும். அல்லது பெரிய தலையிலிருந்து வேண்டிய பகுதியை மட்டும் வெட்டுங்கள்: ஒரு முகம், ஒரு பறவை, விலை எண். எனக்குப் பிடித்தது இதுதான். முழுத் தலையை ஒட்டினால் அது ஆல்பம், துண்டை வைத்தால்தான் படம். இரண்டுக்கும் மனம் வரவில்லை என்றால் 75 × 50 மி.மீ. அகல ஸ்லைடு வாங்குங்கள்.

பல் ஓரத்தைக் காட்ட நினைத்தால் குறைந்தது ஒரு பக்கமாவது பல்லோடு விட்டு வெட்டுங்கள். நான்கு பக்கமும் நறுக்கிய தபால்தலை பத்திரிகைத் துண்டு போலத்தான் தெரியும்.

உறையிலிருந்து தலையைக் கிழிக்காமல் எடுப்பது எப்படி?

உறைக் காகிதத்தோடு சேர்த்து வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் முகம் மேலே இருக்கும்படி மிதக்க விடுங்கள். 15–20 நிமிடத்தில் தானாக நழுவும். நழுவாவிட்டால் இன்னும் விடுங்கள், இழுக்காதீர்கள். சிவப்பு, பச்சை உறைகளைத் தனிக் கிண்ணத்தில் போடவும், சாயம் எல்லாவற்றிலும் ஏறிவிடும். வெளியே எடுத்ததும் பின்பக்கப் பிசினைப் புதுத் தண்ணீரில் விரலால் தடவிப் போக்கவும். மிச்சப் பிசின் காயும்போது தலையைச் சுருட்டும். ஒற்றுக் காகிதத்துக்கு நடுவே, கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு இரவு.

ஸ்டிக்கர் வகைத் தலைகளில் பல தண்ணீருக்கு மசியாது. அவற்றை உறைக் காகிதத்தோடே வெட்டிப் பயன்படுத்துங்கள்.

ஃபெவிகால் போட்டு இரண்டு ஸ்லைடையும் ஒட்டினேன். பத்து நாளாகியும் நடுவில் வெள்ளையாகவே இருக்கிறது.

பத்து மாதமானாலும் அப்படித்தான் இருக்கும். ஃபெவிகாலில் இருப்பது தண்ணீர். அது ஆவியாகப் போனால்தான் பசை தெளியும். இரு பக்கமும் கண்ணாடி, நடுவில் ஆவி போக வழி ஏது? கொஞ்ச நாளில் அதே ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். பிரித்துவிடுங்கள்.

ஃபெவிக்விக்கும் வேண்டாம். அது இறுகும்போது கிளம்பும் ஆவி பக்கத்துக் கண்ணாடியில் வெள்ளைப் புகையாகப் படியும். மூடிய இடத்தில் அதைத் துடைக்கவும் முடியாது.

பசையே இல்லாமல் செய்வதுதான் சரியான முறை. இரண்டு கண்ணாடியின் அழுத்தமே உள்ளே இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். நகரும் துண்டுகளை மட்டும் பின்னால் இருக்கும் காகிதத்தில், குச்சி முனையால் தொட்ட பசைப் புள்ளியால் நிறுத்தி, நன்றாகக் காயவிட்டு, அதற்குப் பிறகு மூடுங்கள். பசை கண்ணாடியில் படவே கூடாது. எவ்வளவு மெல்லியதானாலும் ஈரத் தடம் போலத் தெரியும்.

அண்ணன் கடையில் செய்த ரப்பர் ஸ்டாம்பை ஸ்லைடில் குத்தினால் மை முத்து முத்தாக நிற்கிறது.

ஆபீஸ் ஸ்டாம்ப் பேடு மை காகிதம் உறிஞ்சுவதற்காகச் செய்தது. கண்ணாடி உறிஞ்சாது. மை உள்ளேயே இருக்கும் ப்ரீ-இங்க் ஸ்டாம்பும் இதே கதைதான். கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக்குக்கு என்று கரைப்பான் கலந்த மை இருக்கிறது. ஸ்டேஸ்ஆன் அதில் பரவலாகத் தெரிந்த பெயர். சில நிமிடத்தில் காய்ந்துவிடும். தவறினால் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி குத்தலாம்.

கண்ணாடியில் ஸ்டாம்ப் வழுக்கும். அதனால் தலைகீழாகச் செய்யுங்கள்: ஸ்டாம்பை முகம் மேலே இருக்கும்படி மேசையில் வைத்து மை ஏற்றி, ஸ்லைடை நேராக அதன்மேல் இறக்கி, விரல் நுனியால் மெல்ல அழுத்தி, நேராகத் தூக்குங்கள். ஆட்டினால் இரட்டைக் கோடு விழும்.

அச்சு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். மேல் கண்ணாடியின் உள்பக்கம் குத்தினால் கீறல் படாது, ஆனால் இடவலம் மாறித் தெரியும். பூ, பறவைக்குப் பரவாயில்லை. எழுத்து என்றால் கீழ்க் கண்ணாடியின் மேல்பக்கம் குத்துங்கள்.

தெளிந்த பாலிமர் ஸ்டாம்புகளைக் கரைப்பான் மை நாளடைவில் கெடுக்கும். ரப்பர் நல்லது. பென்சில் அழிக்கும் ரப்பரில் நீங்களே செதுக்கினால் 20 மி.மீ. அகலத்துக்குக் கச்சிதமாக வரும்.

சூட்டில் உருகி மேடாக நிற்கும் எம்பாசிங் பொடியைத் தூவி ஹீட் கன் காட்டினேன், ஸ்லைடு படீரென்று பிளந்தது.

ஒரே இடத்தில் சூடு. இது சாதாரணக் கண்ணாடி, அடுப்பில் வைக்கிற வகை அல்ல. மரப்பலகையில் வைத்து, ஒரு சாண் உயரத்திலிருந்து முழு ஸ்லைடையும் முதலில் சூடேற்றி, பிறகு மெல்ல நெருங்குங்கள். ஆறும் வரை டைல்ஸ் தரையில் வைக்காதீர்கள். உண்மையைச் சொன்னால், கண்ணாடியில் உருகிய பொடி பின்னால் உரிந்து வரும். அதைக் காகிதத்தில் செய்து உள்ளே வைப்பதே மேல்.

ஈயம் பூசுவதை முதலிலிருந்து சொல்லுங்களேன்.

செப்பு நாடா 6 மி.மீ. அகலம். இரண்டு ஸ்லைடும் காகிதமும் சேர்ந்தால் கனம் சுமார் 2.3 மி.மீ. ஆக முன்னும் பின்னும் ஏறக்குறைய 1.8 மி.மீ. மடியும். 5 மி.மீ. நாடா என்றால் 1.3தான் மடியும், பழகாத கைக்கு அது போதாது. சுற்றளவு 200 மி.மீ., எனவே 21 செ.மீ. வெட்டுங்கள். தொடக்கத்தை நீளப் பக்கத்தின் நடுவில் வையுங்கள். மூலையில் தொடங்கினால் அங்கேதான் முதலில் பிரியும். ஓரம் நாடாவின் நடுவில் வரும்படி ஒட்டி, முதலில் நீளப் பக்கங்களை மடித்து, பிறகு மூலைகளைப் பொட்டலம் மடிப்பது போல் மடியுங்கள். ஐஸ்கிரீம் குச்சியால் அழுத்தித் தேயுங்கள். சுருக்கம் எங்கே நிற்கிறதோ அங்கே, ஈயம் ஒட்டுவதற்காகத் தடவும் ஃப்ளக்ஸ் உள்ளே இறங்கும்.

ஃப்ளக்ஸ்தான் இதில் வில்லன். ரேடியோ ரிப்பேர் கடையில் தரும் பேஸ்ட் சூட்டில் எண்ணெயாக உருகி, கண்ணாடிகளுக்கு நடுவே ஊறிப் போய்த் தபால்தலையில் கறையாக நிற்கும். வண்ணக் கண்ணாடி வேலைக்கான ஜெல் வகையை வாங்கி, தூரிகையில் பட்டும் படாமலும் தடவுங்கள்.

60/40 ஈயம், அதாவது 60 பங்கு தகரமும் 40 பங்கு ஈயமும் கலந்த சோல்டர், 183–190 டிகிரியில் உருகும். சோல்டரிங் அயர்னின் முனையை 350–370 டிகிரியில் வையுங்கள். 25 வாட் அயர்ன் இதற்குத் தாங்காது. செம்பு சூட்டை இழுத்துக்கொள்ள, ஈயம் கட்டிகட்டியாக நிற்கும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் 60–80 வாட் அயர்ன் வேண்டும். முதல் சுற்றில் மெல்லிய பூச்சு மட்டும், செம்பு நிறம் மறையும் அளவுக்கு. ஆறியதும் இரண்டாம் சுற்றில் ஓரத்தை மேலே நிமிர்த்திப் பிடித்து, உருண்டையான வரம்பு கட்டுங்கள். ஓரம் சமமட்டமாக இல்லாவிட்டால் ஈயம் பள்ளத்துக்கு ஓடும். எந்த இடத்திலும் மூன்று வினாடிக்கு மேல் முனையை நிறுத்த வேண்டாம். சரியாக வரவில்லையா, விட்டுவிட்டு அடுத்த பக்கம் போய் ஆறிய பின் திரும்பி வாருங்கள்.

தொங்கவிடும் வளையம் செம்பு அல்லது பித்தளையில் இருக்கட்டும். அலுமினியத்திலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் இந்த ஈயம் ஒட்டாது.

முடிந்ததும் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள். ஈரத்துணியில் சோப்புத் தொட்டுத் துடைத்து, உடனே உலர்த்துங்கள். துடைக்காமல் விட்ட ஃப்ளக்ஸ் சில நாளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூக்கும்.

மூடிய மறுநாளே உள்ளே பனி படிந்துவிட்டது. கடற்கரை ஊர் எங்களுடையது.

ஈரம் வெளியிலிருந்து வரவில்லை, உங்கள் காகிதத்திலேயே இருந்தது. காகிதம் எப்போதும் காற்றிலிருந்து கொஞ்சம் ஈரம் வாங்கி வைத்திருக்கும். ஈயத்தின் சூட்டில் அது ஆவியாகி, ஆறும்போது கண்ணாடியில் படிகிறது. அடுக்க வேண்டிய எல்லாவற்றையும் முந்தின நாளே சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள். எடுத்ததும் அடுக்கி அப்போதே மூடுங்கள். மழை நாளில் இந்த வேலையை ஒத்திப் போடுவது நல்லது.

அக்கா, யாழ்ப்பாணத்திலயிருந்து கேக்கிறன். சோல்டர் சாமான் ஒண்டும் என்னட்ட இல்லை. வேற வழியால மூடேலாதோ?

தாராளமாக மூடலாம். சுவரில் படம் காட்டும் பழைய கருவியான மேஜிக் லாண்டர்ன் காலத்துக் கண்ணாடிப் படங்கள் அப்படித்தான் இருந்தன: படம், கறுப்புக் காகித மறைப்பு, மேலே இன்னொரு கண்ணாடி, சுற்றிலும் கறுப்புக் காகித நாடா. நூறு வருஷத்துக்கு மேல் தாங்கியவை உண்டு. புத்தகம் கட்டுகிற துணி நாடாவை 8 மி.மீ. அகலத்துக்கு நறுக்கி ஒட்டுங்கள். செலோடேப் மட்டும் வேண்டாம். மஞ்சளாகி, பசை கசிந்து, தூசியைப் பிடிக்கும். தொங்கவிட வேண்டுமென்றால் நாடாவுக்கு அடியில் ஒரு நூல் வளையத்தைச் சேர்த்து ஒட்டிவிடுங்கோ.

மல்லிகை வைத்தேன், பழுப்பாகிவிட்டது.

ஆகும். சதைப்பற்றுள்ள வெள்ளைப் பூ எதுவும் நிறம் நிற்காது. காகிதப்பூ இயல்பிலேயே மெல்லியது, புத்தகத்துக்குள் ஒரு வாரம் வைத்தால் தயார். இதைவிட அழகு நரம்பு மட்டும் மிஞ்சிய அரசிலை. பச்சை இலையைத் தண்ணீரில் ஊறப் போட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து மென்தூரிகையால் சதையை நீவி எடுங்கள். நாற்றம் தாங்க வேண்டும். முழு இலை அடங்காது என்பதால் வால் நுனியை மட்டும் வெட்டித் தபால்தலைமேல் பாதி படும்படி வையுங்கள்.

சிட்டிகை காக்காப்பொன்னும் பார்க்க நன்றாயிருக்கும். சூட்டுக்கு அசையாது.

மணி, கடிகாரச் சக்கரம் போன்ற கனமான பொருளை வைக்கலாமா?

1 மி.மீ. வரை வைக்கலாம். 300 ஜிஎஸ்எம் அட்டையில் 3 மி.மீ. அகலக் கீற்று வெட்டி, மூன்று அடுக்கு ஒட்டிச் சட்டம் போல் சுற்றிலும் வைத்தால் ஏறக்குறைய அந்த உயரம் வரும். மொத்தக் கனம் 3 மி.மீ.யைத் தாண்டுவதால் நாடாவும் 8 மி.மீ. ஆகட்டும். சட்டம் இல்லாமல் நடுவில் ஒரு மணியை வைத்து ஓரத்தை இறுக்கினால் கண்ணாடி நடுவில் உடையும்.

தாத்தாவின் ஆல்பத்தில் பழைய தலைகள் நிறைய இருக்கின்றன. பயன்படுத்தட்டுமா?

முதலில் தபால்தலை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். வெட்டிய தலைக்கும் பசை பட்ட தலைக்கும் சேகரிப்பாளரிடம் மதிப்பு கிடையாது. இந்த வேலைக்கு எடைக்கு விற்கும் கலப்புத் தலைகளே போதும். ஆல்பத் தலையேதான் வேண்டுமென்றால் ஸ்கேன் எடுத்து, பிக்மென்ட் மையில் அச்சிடுங்கள். சாய மை அச்சு ஜன்னல் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும்.

எட்டு வயசுப் பெண் கூட உட்கார்ந்து செய்கிறாள். ஈயம் ஆபத்தா?

அவள் அடுக்கட்டும், குத்தட்டும், வெட்டட்டும். ஈயம் பூசுவது பெரியவர் வேலை, அதுவும் ஜன்னலைத் திறந்து, புகை முகத்துக்கு வராதபடி. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாடு. கழுத்தில் போடுவதற்கு என்றால் 60/40 வேண்டவே வேண்டாம். ஈயமில்லாத, தகரமும் செம்பும் கலந்த சோல்டர் வாங்குங்கள். அது 227 டிகிரியில் உருகும். முனையைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும், வழவழப்பும் சற்றுக் குறைவாகத்தான் வரும்.