சிரித்துவிட்டுக் கலைகிறவர்கள்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் ஒரு நிகழ்த்துகலை பார்த்தேன். கலைஞர் ஒருவர் வேட்பாளர் வேடத்தில் வந்தார். கட்சிக்குப் பெயர் இல்லை, சின்னம் காலி நாற்காலி. நிலவுக்குப் பாலம், திங்கட்கிழமை ஒழிப்பு என்று வாக்குறுதிகளை அள்ளி வீசினார். சிரித்தோம், செல்ஃபி எடுத்துக்கொண்டோம், கலைந்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. ‘எல்லாரும் இப்படித்தான்’ என்று ஓட்டுப் போடாமல் இருப்பவர்களுக்கு இது இன்னொரு சாக்குதானே? குடிமக்களைச் சிந்திக்கவைக்கும் கலை என்று நோட்டீஸில் வேறு போட்டிருந்தார்கள்.

ம.

அன்புள்ள ம.,

தான் என்ன செய்யப்போகிறேன் என்று கலையே நோட்டீஸில் சொல்லிவிட்டால் எனக்கும் சந்தேகம் வந்துவிடும். அது கிடக்கட்டும்.

ஓட்டுப் போடாதவருக்குச் சாக்கு எங்கிருந்தும் கிடைக்கும், லேசாக மழை தூறினாலே போதும். உங்கள் உறுத்தலுக்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். பிரச்சாரமே ஒரு நாடகம். ஊரார் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவது முதல் கேமரா பார்த்துக் கையசைப்பது வரை எல்லாம் ஒத்திகை. அசலே மிகையாக இருக்கும்போது அதைவிட மிகையாக நடித்து என்ன ஆகப்போகிறது? நிலவுக்குப் பாலம் என்றால் யாருக்கும் வலிக்காது. அதைக் கேட்டு ஏமாந்தவர் யாரும் இல்லையே.

ஐஸ்லாந்தின் வங்கிகள் 2008இல் கவிழ்ந்த பிறகு, யோன் க்னார் என்ற நகைச்சுவை நடிகர் ரெய்க்யவிக் நகரத் தேர்தலுக்காக ‘சிறந்த கட்சி’ என்று ஒன்றைத் தொடங்கினார். மிருகக்காட்சி சாலைக்கு ஒரு பனிக்கரடி, நீச்சல்குளங்களில் இலவசத் துண்டு. கூடவே, வாக்குறுதி எதையும் காப்பாற்ற மாட்டோம் என்ற வாக்குறுதி. அந்தத் துண்டைக் கவனியுங்கள். எந்தக் கட்சியும் நிஜமாகவே தரக்கூடிய பொருள் அது. சிரிக்கிறவர், போன தடவை நாம் எதற்குத் தலையாட்டினோம் என்று ஒரு கணமாவது யோசித்தாக வேண்டும். 2010இல் அந்தக் கட்சி 15 இடங்களில் 6 பிடித்தது. அப்புறம் அவரே மேயராகி நான்கு வருடம் நகரத்தை நடத்தவும் வேண்டிவந்தது. வேடிக்கை பார்க்க வந்தவன் கையில் மேளத்தைக் கொடுத்த கதை!

எனக்கு அதைவிடப் பிடித்தது, 2009இல் கியூபக் கலைஞர் தானியா புருகேரா தன் நாட்டுத் தலைநகர் ஹவானாவில் செய்தது. அதில் நகைச்சுவையே கிடையாது. ஒரு மேடை, ஒரு மைக், இரண்டு பக்கமும் ராணுவ உடையில் இருவர். பார்வையாளர் யார் வேண்டுமானாலும் ஏறி ஒரு நிமிடம் பேசலாம். பேசுகிறவர் தோளில் ஒரு வெள்ளைப் புறாவை வைப்பார்கள். 1959இல் காஸ்ட்ரோ ஹவானாவுக்குள் வந்து உரையாற்றியபோது அவர் தோளில் புறா ஒன்று உட்கார்ந்ததே, அதன் நினைவாக. நிமிடம் முடிந்தால் சீருடைக்காரர்கள் இறக்கிவிடுவார்கள். ஒரு பெண் ஏறி, மைக் முன்னால் நின்று அழுதார்.

தலைவருக்கான எல்லா ஜோடனையும் அப்படியே இருக்கிறது, தலைவர் மட்டும் இல்லை. அங்கே சிரித்துவிட்டுக் கலைய வழியில்லை. மைக் சும்மா நிற்கிறது, பார்க்கிறவருக்குத்தான் கை நடுங்குகிறது.

நீங்கள் சொன்னதில் என் மனதில் நின்றது அந்தக் காலி நாற்காலிதான். அதை அவர் சின்னமாக அச்சடித்ததோடு விட்டுவிட்டாரா, கூட்டத்தின் நடுவில் போட்டு யாரையாவது உட்காரச் சொன்னாரா? சொல்லியிருந்தால் நீங்கள் போய் உட்கார்ந்திருப்பீர்களா? எழுதுங்கள்.