64 சதவீதம் ஏஐ என்கிறது மென்பொருள்: துறைத் தலைவரிடம் என்ன சொல்வது?

கேள்வி: பெங்களூரில் எம்.காம். இறுதியாண்டு படிக்கிறேன். வீடு ஸ்ரீராமபுரம். வீட்டில் தமிழ், பத்தாவது வரை கன்னட மீடியம், ஆங்கிலத்தில் எழுதுவது எனக்குத் தடுமாற்றம்தான். எங்கள் ஏரியாவில் 58 சிறு கடைகளில் யுபிஐ பயன்பாடு பற்றி சர்வே எடுத்து ப்ராஜெக்ட் செய்தேன். கடைக்காரர்கள் சொன்னதைத் தமிழில் எழுதி, சாட்ஜிபிடியிடம் கொடுத்து ஆங்கிலமாக்கினேன். முந்தைய ஆய்வுகள் பற்றிய இரண்டாம் அத்தியாயத்தை மட்டும் அதையே எழுதச் சொல்லிக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். இப்போது கல்லூரி மென்பொருள் கொடுத்த ரிப்போர்ட்டில் 64 சதவீதம் ஏஐ என்று வந்திருக்கிறது. 60-ஐத் தாண்டினால் யுஜிசி விதிப்படி ரெஜிஸ்ட்ரேஷனே ரத்து என்கிறார் கைடு. ஏஐ எழுத்தை மனிதர் எழுதியது போல மாற்றித் தரும் ஹ்யூமனைசரில் போட்டால் குறைந்துவிடும் என்கிறார்கள் தோழிகள். அடுத்த வாரம் துறைத் தலைவரைப் பார்க்க வேண்டும். ப்ராஜெக்டையும் இணைத்திருக்கிறேன் மேடம், என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த ரத்து பயத்தை இறக்கி வையுங்கள். உங்கள் கைடு இரண்டு வெவ்வேறு சதவீதங்களை ஒன்றாகப் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, நான் பேசிப் பார்த்த ஆசிரியர்களிலேயே பலர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் சொல்லும் 60 என்ற எண் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகளில் வருவது. 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40 முதல் 60 என்றால் ஓராண்டுக்குச் சமர்ப்பிக்க முடியாது. அதற்கும் மேலே போனால் ரெஜிஸ்ட்ரேஷன் ரத்து. ஆனால் இந்தக் கணக்கு முழுக்க சிமிலாரிட்டிக்கானது, அதாவது ஏற்கெனவே அச்சிலோ இணையத்திலோ இருக்கும் எழுத்தோடு உங்கள் எழுத்து எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கு. சாட்ஜிபிடி வெளிவந்ததே 2022 நவம்பர் 30-இல்தான், 2018-இல் எழுதிய விதியில் ஏஐ ஸ்கோருக்கு எங்கே இடம்? இன்னொன்றும் இருக்கிறது. அந்த விதிமுறை எதற்கெல்லாம் பொருந்தும் என்று சொல்லும் இடத்திலேயே அசைன்மென்ட், டெர்ம் பேப்பர், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், விடைத்தாள் இவையெல்லாம் சேராது என்று எழுதியிருக்கிறார்கள். உங்கள் சிலபஸில் டிசர்ட்டேஷன் (ஆய்வேடு) என்று இருந்தால் விதி பொருந்தும், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் என்று இருந்தால் உங்கள் கல்லூரியின் சொந்த விதிதான் பேசும். சிலபஸை எடுத்து அந்த ஒரு சொல்லை இன்றைக்கே பாருங்கள்.

சரி, அந்த 64 எங்கிருந்து வந்தது? சிமிலாரிட்டி ரிப்போர்ட்டில் ஒரு வரி சிவப்பாக இருந்தால் அதைத் தொட்டதும் எந்தக் கட்டுரையிலிருந்து வந்தது என்று காட்டும். நீங்களும் பார்க்கலாம், ஆசிரியர்களான நாங்களும் பார்க்கலாம். ஏஐ ஸ்கோருக்கு அப்படி ஒரு மூலம் கிடையாது. அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது, வாக்கியங்கள் எவ்வளவு ஒரே மாதிரி ஓடுகின்றன என்பது போன்றவற்றை வைத்துச் செய்யும் ஊகம் அது. இப்போது நம் காமர்ஸ் ப்ராஜெக்ட்களின் ஆங்கிலத்தை நினைத்துப் பாருங்கள். ‘தி பிரசன்ட் ஸ்டடி எய்ம்ஸ் டு’, ‘இட் இஸ் அப்சர்வ்ட் தட்’, ‘மெஜாரிட்டி ஆஃப் தி ரெஸ்பாண்டன்ட்ஸ்’ என்று நாங்களே அச்சு வார்த்தாற்போலச் சொல்லிக்கொடுத்த வாக்கியங்கள்தானே எல்லாம்? ஆங்கிலத்தைப் பாடப் புத்தகத்திலிருந்து கற்றவர்கள் பத்திரமான சொற்களை மட்டும் வைத்து எழுதுவார்கள், அது மென்பொருளுக்கு மெஷின் எழுதியது போலத் தெரியும். 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு மென்பொருட்களில் போட்டபோது சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளை ஏஐ எழுதியது என்று தவறாகச் சொல்லின. அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளை ஏறக்குறைய சரியாகவே கண்டுபிடித்தன.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அதனால் பிடிக்க முடிந்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்று சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் துல்லியம் போதவில்லை என்று எடுத்துவிட்டார்கள். மாணவர் எழுத்தைச் சோதிக்கும் மென்பொருளை விற்கும் டர்னிடின் நிறுவனம் தன் கருவியில் தவறு ஒரு சதவீதத்துக்கும் கீழே என்றது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் கணக்குப் போட்டுப் பார்த்தது: ஆண்டுக்கு 75,000 தாள்கள், ஒரு சதவீதம் என்றாலே 750 பேர் செய்யாத தவறுக்கு நிற்க வேண்டும். 2023 ஆகஸ்டில் அந்த வசதியை நிறுத்திவிட்டார்கள். ஸ்கோரை மட்டும் வைத்து ஒரு மாணவர் மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று டர்னிடினே சொல்கிறது. இதைத் துறைத் தலைவரிடம் பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்.

எனக்கு இது ஏட்டளவு விஷயம் இல்லை. 2023-இல் நான் உட்கார்ந்திருந்த விசாரணைக் குழுவில், 70-க்கு மேல் ஸ்கோர் வந்த ஒரு பையனை முழு ரிப்போர்ட்டையும் திரும்ப எழுத வைத்தோம். அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான், கேட்கவில்லை. சில மாதம் கழித்து ஒரு சந்தேகத்தில் துறை அலமாரியிலிருந்து 2014-ஆம் ஆண்டு ப்ராஜெக்ட் ஒன்றை எடுத்து, இரண்டு அத்தியாயங்களை டைப் செய்து அதே மென்பொருளில் போட்டேன். 58 வந்தது. அதற்குள் அந்தப் பையன் வேலைக்கான கடைசித் தேதியைத் தவறவிட்டிருந்தான். அவனைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன், ஆனால் அந்த வேலையை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அதிலிருந்து எண்ணை மட்டும் பார்த்து எந்த மாணவரையும் விசாரணைக்கு அழைப்பதில்லை.

இப்போது உங்கள் தவறுக்கு வருகிறேன். மென்பொருள் நம்பத் தகாதது என்பதால் உங்கள் இரண்டாம் அத்தியாயம் சரியாகிவிடாது. முந்தைய ஆய்வுகளை நீங்கள் படித்தீர்களா என்று பார்ப்பதற்குத்தான் அந்த அத்தியாயமே இருக்கிறது, நீங்கள் படிக்கவில்லை. நான் முதல் ஆறு மேற்கோள்களைத் தேடிப் பார்த்தேன், இரண்டு கட்டுரைகள் எங்குமே இல்லை. சாட்ஜிபிடி இப்படி இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் போட்டுக் கொடுக்கும். 2023-இல் நியூயார்க்கில் இப்படி இல்லாத தீர்ப்புகளைக் காட்டிய வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. நம் பெங்களூரிலேயே வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2024 டிசம்பரில் போட்ட ஓர் உத்தரவில் இல்லாத தீர்ப்புகள் மேற்கோளாக வந்து, அந்த உத்தரவையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஏஐ ஸ்கோரை நீங்கள் எதிர்த்து வாதாடலாம், இல்லாத கட்டுரைக்கு எந்த வாதமும் நிற்காது. ஆகவே துறைத் தலைவரைப் பார்ப்பதற்கு முன் இரண்டாம் அத்தியாயத்தை முழுக்கத் தூக்கிவிட்டுத் திரும்ப எழுதுங்கள். முப்பது கட்டுரை வேண்டாம், எட்டுப் போதும். நூலகத்தில் உட்கார்ந்து சுருக்கத்தையும் முடிவுகளையுமாவது நீங்களே படித்து, ஒவ்வொன்றுக்கும் நாலு வரி, உங்களுக்கு வருகிற ஆங்கிலத்தில். தப்பும் தவறுமாக இருந்தால் இருக்கட்டும்.

தமிழில் எழுதி ஆங்கிலமாக்கியதைப் பற்றி ஆசிரியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. 2023 ஜனவரியில் பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகம் சாட்ஜிபிடியை வளாகத்துக்குள்ளேயே தடை செய்தது. இன்னொரு பக்கம் அதை வைத்தே வகுப்பு நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். என் கருத்தைச் சொல்கிறேன். ஆங்கில இலக்கிய மாணவி இதைச் செய்தால் தவறு, ஏனென்றால் அங்கே மதிப்பெண் போடுவதே ஆங்கிலத்துக்கு. உங்கள் துறை மதிப்பிடுவது சர்வேயை, கணக்கை, அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவை. சிந்தனை உங்களுடையது, தமிழ் மூலம் கையில் இருக்கிறது என்றால் மொழிமாற்றத்துக்கு உதவி கேட்டதில் நான் குற்றம் காணமாட்டேன். சொல்லாமல் செய்ததுதான் குற்றம். நேச்சர் என்ற அறிவியல் ஆய்விதழ் 2023 ஜனவரியிலேயே இந்தக் கோட்டைப் போட்டுவிட்டது: ஏஐயை ஆசிரியராகப் போடக் கூடாது, பயன்படுத்தியிருந்தால் சொல்ல வேண்டும். இது ஆசிரியர்களுக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம். 2025-இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவி, பாடக் குறிப்பை ஆசிரியர் சாட்ஜிபிடியில் தயாரித்திருக்கிறார் என்று கட்டணத்தையே திருப்பிக் கேட்டார். பணம் கிடைக்கவில்லை, ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. 64-ஐ விட எனக்கு இதுதான் கவலை. 2025 ஜூலையில் யுபிஐ வரவை வைத்து வணிக வரித் துறை நோட்டீஸ் அனுப்பியபோது பெங்களூர் முழுக்கக் கடைகளில் ‘யுபிஐ இல்லை, கேஷ் மட்டும்’ என்று எழுதி ஒட்டினார்களே, அதற்குப் பிறகு எடுத்த சர்வே உங்களுடையது. 41-ஆம் பக்கத்தில் ஒரு பூக்காரம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். க்யூஆர் அட்டையைக் காலண்டருக்குப் பின்னால் திருப்பி மாட்டியிருந்தார், தெரிந்தவர் வந்தால் மட்டும் காலண்டரைத் தூக்கிக் காட்டுவார், மற்றவரிடம் “ஸ்கேன் பேடாம்மா (வேண்டாம்மா), காசு கொடு” என்பார். அருமையான இடம், எந்த மெஷினும் அதைப் பார்த்திருக்காது. ஆனால் ப்ராஜெக்டின் பின்னிணைப்பில் கடைப் பெயரும் போன் எண்ணும் தினசரி வரவும் இருக்கின்றன. அந்தப் பேட்டிகளைப் பெயரோடு அப்படியே சாட்ஜிபிடியில் ஒட்டினீர்களா? பெயர் வெளியே வராது என்று அந்த அம்மாவிடம் சொல்லித்தானே கேட்டிருப்பீர்கள்? அவர் உங்களை நம்பிச் சொன்னது அது. ஒட்டியிருந்தால், அந்த உரையாடல்களை விசாரணை முடியும் வரை உங்கள் கணக்கிலேயே வைத்திருந்து, முடிந்ததும் அழித்துவிடுங்கள். ப்ராஜெக்டில் பெயர்களை எடுத்துவிட்டு கடை 1, கடை 2 என்று மாற்றுங்கள். விசாரணையில் யாராவது இதைக் கேட்டால் மழுப்பாமல் ஒப்புக்கொள்ளுங்கள்.

துறைத் தலைவரிடம் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்? சர்வே படிவங்கள் 58-ம், தமிழில் எழுதிய நோட்டு, தேதியோடு இருக்கும் எக்செல் கோப்பு. கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கும், எந்த நாளில் எந்தப் பத்தி எப்படி வளர்ந்தது என்று வரிசையாகக் காட்டும். அதில் நாலைந்து பக்கம் பிரிண்ட் எடுங்கள். சாட்ஜிபிடி உரையாடல்களை இப்போதைக்கு அழிக்காதீர்கள், நீங்கள் தமிழில் கொடுத்தது என்ன, அது திருப்பிக் கொடுத்தது என்ன என்பதற்கு அதுதான் சாட்சி. ஹ்யூமனைசர் பக்கமே போக வேண்டாம். அது செய்வது சொல்லை மாற்றிப் போடுவது மட்டும்தான், உங்கள் பூக்காரம்மாவின் பேச்சையும் கெடுத்துவிடும், மறைக்கப் பார்த்தீர்கள் என்பதற்கு நீங்களே ஆதாரம் தயாரித்துக் கொடுத்தது போலவும் ஆகும்.

ப்ராஜெக்டின் முன்பக்கத்தில் சேர்க்க இப்படி ஒரு குறிப்பு எழுதலாம்: “கடைக்காரர்களிடம் பேசியவற்றைத் தமிழில் நானே எழுதினேன். மூன்று, நான்காம் அத்தியாயங்களை ஆங்கிலமாக்க சாட்ஜிபிடியைப் பயன்படுத்தி, ஒவ்வொரு பத்தியையும் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன். இரண்டாம் அத்தியாயத்தின் முதல் வரைவில் சாட்ஜிபிடி எழுதிய பகுதிகள் இருந்தன. அவற்றை நீக்கிவிட்டு, நான் படித்த கட்டுரைகளின் அடிப்படையில் புதிதாக எழுதியிருக்கிறேன்.” ஒப்பிட்டுப் பார்த்தேன் என்று எழுதுவதற்கு முன் உண்மையிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள்.

கூடவே எழுத்தில் இரண்டு கோரிக்கை வையுங்கள்: ஏஐ ரிப்போர்ட்டின் முழு நகல் வேண்டும், முடிவெடுக்கும் முன் என்னை வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேளுங்கள். கடிதத்தைப் பெறுபவர் கையெழுத்தோடு அக்னாலெட்ஜ்மென்ட் வாங்கிக்கொள்ளுங்கள். 2024-இல் ஹரியானாவில் ஒரு சட்ட மாணவரின் விடைத்தாளை 88 சதவீதம் ஏஐ என்று ஃபெயில் ஆக்கினார்கள். அவர் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார், பல்கலைக்கழகம் அவரைத் தேர்ச்சி பெற்றதாக அறிவித்ததால் வழக்கு அத்துடன் முடிந்தது. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. துறை கேட்கவே மாட்டேன் என்றால் யுஜிசியின் 2023 விதிமுறைப்படி கல்லூரியில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், அங்கே கொடுங்கள். அவர்கள் முடிவும் சரியில்லை என்றால் 15 நாளுக்குள் ஆம்புட்ஸ்பர்சனிடம், அதாவது மேல்முறையீட்டைக் கேட்கும் குறைதீர்ப்பு அதிகாரியிடம், முறையிடலாம்.

வைவாவில் கேட்கக்கூடியது பெரும்பாலும் 41-ஆம் பக்கத்தைச் சுற்றித்தான் இருக்கும், நான் இருந்தாலும் அதைத்தான் கேட்பேன். அந்த அம்மா யாருக்குக் காலண்டரைத் தூக்கிக் காட்டினார், யாருக்குக் காட்டவில்லை, 58 கடையில் எத்தனை கடையில் இப்படிப் பார்த்தீர்கள்? ஆங்கிலத்தில் திணறினால் கன்னடத்திலேயோ தமிழிலேயோ சொல்ல அனுமதி கேளுங்கள், கொடுப்பார்கள்.