மச்சான் கடை ஃபோனும் மசினகுடி சிக்னலும்

கேள்வி: கோத்தகிரியில் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுகிறேன். ஊட்டி, மசினகுடி, கூடலூர், மஞ்சூர் என்று சவாரி போகும். மூன்று கம்பெனி சிம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் 28 நாளுக்கு 349 ரூபாய் போடுகிறேன். அப்படியும் வழியில் நெட் எடுப்பதில்லை. மொபைல் கடை வைத்திருக்கும் மச்சான் பேச்சைக் கேட்டு இரண்டு வருடத்தில் மூன்றாவது ஃபோன் வாங்கிவிட்டேன். விலை 28,000, தவணை மாதம் 2,650 வீதம் 12 மாதம், டாகுமெண்ட் சார்ஜ் 700. போன மாதம் கார் தவணை பவுன்ஸ் ஆகிவிட்டது. இப்போது காரில் வைக்க 5ஜி வைஃபை பெட்டி வாங்கச் சொல்கிறார். எந்த கம்பெனி வேகம், சார்?

பதில்: வேகத்தை அப்புறம் பார்ப்போம். கார் தவணை பவுன்ஸ் ஆனதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. சிக்னல் இல்லை என்றதும் மச்சான் கடைக்குப் போய்க் கையெழுத்துப் போடுகிறீர்களே, சிக்கல் அங்கேதான்.

2,650-ஐ 12 தடவை கட்டினால் 31,800. டாகுமெண்ட் சார்ஜையும் சேர்த்தால் 28,000 ரூபாய் ஃபோனுக்கு 4,500 கூடுதல். '16 சதவீதம்தானே' என்று தோன்றும். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால், வருடம் முழுக்க உங்களிடம் நின்ற கடன் சராசரியாகப் பாதிக்குச் சற்று மேல்தான். அப்படிப் பார்த்தால் வட்டி ஏறக்குறைய 29 சதவீதம். கார் லோன் பேப்பரை எடுத்து அதன் வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'வட்டியில்லாத் தவணை' என்று இனி யாராவது சொன்னால், பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என ரிசர்வ் வங்கியே 2013-ல் வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது என்று ஞாபகப்படுத்துங்கள்.

இத்தனை செலவும் எதற்கு? ஊட்டியிலிருந்து மசினகுடி போகும் கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவில் சிக்னல் நிற்கும், அடுத்ததில் மலை மறைத்துவிடும். 5ஜியின் வேகமான 3300 மெகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகாது, மலையைச் சுற்றியும் வராது. 700, 900 போன்ற தாழ்ந்த அலைவரிசைகள்தான் கொஞ்சமாவது எட்டும். முதுமலைப் பக்கம் புலிகள் காப்பகம், நினைத்த இடத்தில் டவர் நடவும் முடியாது. டவரே எட்டாத இடத்தில் 28,000 ரூபாய் ஃபோன் என்ன செய்யும், வைஃபை பெட்டிதான் என்ன செய்யும்? மே மாத சீசனில் ஊட்டி சேரிங் கிராஸில் கதை வேறு: சிக்னல் கோடு முழுசாக இருக்கும், நெட் நகராது. அது கூட்ட நெரிசல். அதற்கும் புது ஃபோன் மருந்து இல்லை.

உங்கள் தொழிலுக்கு வேகம் பெரிதாகத் தேவையும் இல்லை. மேப்பை வீட்டிலேயே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். க்யூஆர் ஸ்டிக்கரில் பணம் வர உங்கள் ஃபோனில் நெட் வேண்டியதில்லை, கட்டுபவர் ஃபோனில் இருந்தால் போதும். இறக்கிவிடும் இடத்தில் நெட் இருக்காது என்று தெரிந்தால் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

சரி, எந்த கம்பெனி? எந்த விளம்பரமும் உங்கள் ரூட்டுக்குப் பதில் சொல்லாது. இரண்டு சிம்மை ஒரே ஃபோனில் போட்டு, வண்டி நிற்கும் இடங்களில் தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் மைஸ்பீட் ஆப்பில் மாற்றி மாற்றிப் பாருங்கள். வேகத்தை விட, எந்த இடத்தில் எது செத்துப்போகிறது என்பதைக் குறித்து வையுங்கள். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களிடமும் கேளுங்கள். எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறுவதாக இருந்தால் இதையெல்லாம் பார்த்த பிறகு மாறுங்கள். மாறினால் 90 நாள் அங்கேதான் இருக்க வேண்டும்.

இரண்டு டேட்டா சிம் தொழில் செலவு, இருக்கட்டும். மூன்றாவது வேண்டாம். 28 நாள் பேக் என்றால் வருடத்துக்கு 12 இல்லை, 13 ரீசார்ஜ். 349-ஐ 13 ஆல் பெருக்கினால் 4,500-க்கு மேல். அந்த எண் பழைய சவாரிகளிடம் இருந்தால், டேட்டா இல்லாத கால்-எஸ்எம்எஸ் பேக் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் இது சில்லறை. முதலில் கார் தவணை பாக்கியை பவுன்ஸ் கட்டணத்தோடு கட்டிவிடுங்கள். இன்னொரு முறை பவுன்ஸ் ஆனால் கடன் கட்டும் ஒழுங்குக்கான மதிப்பெண்ணான சிபில் ஸ்கோர் இன்னும் அடிவாங்கும், நாளைக்கு வண்டி மாற்றக் கடன் கேட்கும்போது அது வந்து நிற்கும். ஃபோன் தவணை முடிந்ததும் அதே 2,650-ஐ அதே தேதியில் தனிக் கணக்கில் போடுங்கள். இரண்டு மூன்று கார் தவணை அளவு சேரும்வரை அதைத் தொடாதீர்கள்.

மச்சானிடம் முகத்தை முறிக்க முடியாதுதான். கார் லோன் முடியும்வரை உங்கள் பெயரில் வேறு தவணை எடுக்கக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதாகச் சொல்லுங்கள். கோபம் என் மேல் இருக்கட்டும்.